சங்கம் கூடினால் ஊர் கூடுமா? சமூக மூலதனம் பற்றி ஒரு குமரி இழை

ஜூன் 2, மாலை 6.15 (ஒரு வாசகரின் கேள்வி)

பதினெட்டு வருடம் வளைகுடாவில் இருந்துவிட்டு நாகர்கோவிலுக்குத் திரும்பி வந்திருக்கிறேன். பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. சமூக மூலதனம், அதாவது மனிதர்களுக்குள் இருக்கும் உறவும் நம்பிக்கையும் ஊருக்கு ஒரு சொத்து என்ற கருத்து, அதைப் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். சங்கம், மன்றம், குழு என்று நிறையத் தொடங்கி ஆட்களைச் சேர்த்தால் பழைய ஒற்றுமை திரும்பிவிடும் என்று அதில் இருந்தது. நம்ம மாவட்டத்தில் இது நடக்குமா? திங்கள்சந்தை தையல்கடை அக்கா சமூகவியல் படித்தவர்தானே, அவர் சொல்லட்டும்.

ஜூன் 2, இரவு 9.50

தம்பி, சங்கம் குறைவாக இருப்பதா நம்ம பிரச்சினை? என் கடை வாசலில் நின்று கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதை மட்டும் சொல்கிறேன். ஒரு கோயில் கமிட்டி. ஒரு சபை, அதற்கு ஒரு வாலிபர் சங்கம், ஒரு பெண்கள் சங்கம். கொஞ்சம் தள்ளி ஒரு கத்தோலிக்கப் பங்கு, அதில் கொஞ்சம் வீடுகளுக்கு ஒன்று என்று அன்பியம் எனும் சிறு குழுக்கள். கீழே இறங்கினால் ஜமாத். ஒரு சமுதாயச் சங்கத்தின் கட்டடம், பூட்டிக் கிடக்கும் படிப்பகம், வாலிபால் கழகம், மகளிர் குழு ஏழோ எட்டோ. இத்தனையும் இருந்தும் உங்கள் கேள்வி உண்மைதான், பக்கத்து வீட்டில் யார் என்று தெரியவில்லை.

ராபர்ட் பட்னம் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 2000இல் எழுதிய புத்தகத்தால்தான் இந்தச் சொல் ஊரெல்லாம் பரவியது. முன்பு அணி சேர்த்து பவுலிங் ஆடினவர்கள் இப்போது தனியாக ஆடுகிறார்கள், அமெரிக்கச் சமூகம் பிரிந்து போகிறது என்றார். அதைத் தூக்கி அப்படியே நம்ம மேல் வைத்தால் பொருந்தாது. இங்கே யாரும் தனியாக ஆடவில்லை, அவரவர் அணியில் நன்றாகத்தான் ஆடுகிறோம். ஆனால் அவரே இரண்டு வகையைப் பிரித்துக் காட்டியிருக்கிறார், நமக்கு அதுதான் வேண்டும். தன்னவர்களுக்குள் இறுக்கிக் கட்டும் உறவு ஒன்று, மற்றவர்களோடு சேர்த்துக் கட்டும் உறவு ஒன்று. தையல்காரிக்கு இது சட்டென்று புரியும். ஒரே துணியில் எத்தனை வரிசை தையல் போட்டாலும் அது ஒரு துணிதான். இரண்டு துண்டை மூட்டினால்தான் சட்டை.

2011 கணக்கெடுப்பில் நம்ம மாவட்டத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 49 பேர் இந்துக்கள், 47 பேர் கிறிஸ்தவர்கள், 4 பேர் முஸ்லிம்கள். ஒருவரை விட்டு ஒருவர் வாழ முடியாத கணக்கு இது. நமக்குக் குறைவது மூட்டுத் தையல். நாளைக்கு மீதி எழுதுகிறேன், ஒரு கல்யாண ரவிக்கை காலையில் கொடுக்க வேண்டும்.

ஜூன் 3, இரவு 10.20

மூட்டுத் தையல் என்றதும் எனக்கு நினைவில் வருவது ஒரு மீன்கார அக்கா.

நான் சின்னவளாக இருந்தபோது மண்டைக்காட்டுப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து எங்கள் விளைக்கு, அதாவது தோட்டத்து வீட்டுக்கு, நடந்தே வருவார். தலையில் கடவம் என்ற மீன்கூடை, அதிலிருந்து ஒழுகும் தண்ணீர் தோளில் கோடு போட்டிருக்கும். வாசலில் கடவத்தை இறக்கியதும் முதலில் கேட்பது "ஒரு செம்பு தண்ணி". பாட்டி கொடுப்பாள். அப்புறம் சாளையை எண்ணிப் போடுவார். கையில் காசு இல்லாத நாளில் பாட்டி மரச்சீனிக் கிழங்கு பிடுங்கிக் கொடுப்பாள், தேங்காய் கொடுப்பாள். கணக்கு இரண்டு பேர் மனதிலும் இருந்தது, எங்கும் எழுதி வைக்கவில்லை. அவர் மகள் கோயிலில் முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கியபோது எங்கள் வீட்டிலிருந்து ஒரு குலை வாழைப்பழம் போனது. என் அக்கா கல்யாணத்துக்கு முந்தின நாள் அவர் வந்து, காய்கறி நறுக்கும் பெண்களோடு உட்கார்ந்து தேங்காய் துருவினார். ஒற்றுமை வேண்டும் என்று அங்கே யாரும் யாருக்கும் சொல்லவில்லை. அவருக்குக் கிழங்கு வேண்டும், எங்களுக்கு மீன் வேண்டும்.

1982 மார்ச் 1. மண்டைக்காடு பகவதி அம்மன் கோயில் மாசிக்கொடை நேரம். இந்துக்களுக்கும் கடற்கரைக் கிறிஸ்தவர்களுக்கும் கலவரம், போலீஸ் துப்பாக்கிச் சூடு, உயிர்ச்சேதம், அப்புறம் ஊர் ஊராகத் தீ. எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்த வருடம் முழுவதும் மீன்கார அக்கா வரவில்லை. பாட்டி தினமும் பதினொரு மணிக்கு வாசலுக்குப் போய் நின்றுவிட்டு வருவாள்.

இப்படி ஆளுக்கு ஆள் தேவைப்படும் பழக்கம்தான் சமூக மூலதனம் என்றால், அது நம்மிடம் இருந்தது. அதை மறுபடி உண்டாக்க முடிந்தால் ஊர் ஒட்டும் என்பது என் நினைப்பு.

ஜூன் 4, காலை 7.05

திருத்தம். நேற்று எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். வருடம் முழுவதும் இல்லையாம், மூன்று மாதமாம். ஆடிக்கு முன்னாலேயே வந்துவிட்டாராம். வந்த அன்று கடவத்தை இறக்கிவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றாராம், பாட்டி தண்ணீர்ச் செம்போடு போனதும் இரண்டு பேரும் அழுதார்களாம். ஒன்பது வயதுக்காரிக்கு மூன்று மாதம் ஒரு வருடமாகத் தெரிந்திருக்கிறது.

ஜூன் 4, இரவு 9.30

கேள்வி கேட்ட தம்பி "பழைய ஒற்றுமை திரும்ப வேண்டும்" என்று இன்னொரு தடவை எழுதியிருக்கிறார். இந்த "திரும்ப" என்ற சொல்லில் எனக்கு ஒப்புதல் இல்லை. எந்தக் காலத்துக்குத் திரும்புவது?

இது தோள்சீலைப் போராட்டம் நடந்த மண். மார்பை மறைக்கும் உரிமைக்காக நம்ம பெண்கள் 1822 முதல் 1859 வரை அடி வாங்கினார்கள். அந்தக் காலத்தில் ஊர் ஒட்டித்தான் இருந்தது. யார் எங்கே நிற்பது, யார் எவ்வளவு தள்ளி நடப்பது என்று எல்லோருக்கும் இடம் ஒதுக்கி ஒட்டி வைத்திருந்தார்கள். அய்யா வைகுண்டர் சாமித்தோப்பில் முத்திரிக்கிணறு வெட்டி, எல்லா சாதியும் ஒரே கிணற்றில் இறைத்துக் குடிக்கலாம் என்று சொன்னதே ஒரு புரட்சியாக இருந்தது என்றால், அதற்கு முன்னால் கிணறுகள் எப்படி இருந்தன என்று யோசித்துப் பாருங்கள். அவர் 1851இல் மறைந்தார். அந்தக் கிணறு இன்றும் இருக்கிறது. என் பார்வையில் நம்ம மாவட்டத்தின் முதல் மூட்டுத் தையல் அதுதான். பழசை மீட்டு எடுத்த வேலை இல்லை அது, அதுவரை இல்லாத ஒன்றை உண்டாக்கிய வேலை.

எங்கள் மீன்கார அக்கா விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும், நேற்று எழுதும்போது விட்டுவிட்டேன். பாட்டி அவருக்குத் தண்ணீர் கொடுக்கும் செம்பு தனிச் செம்பு. திண்ணை ஓரத்தில் கவிழ்த்து வைத்திருக்கும். இதை எழுத மனது கஷ்டப்படுகிறது. பாட்டி என்னை வளர்த்தவள். ஆனால் அந்தச் செம்பை விட்டுவிட்டு அந்தக் காலத்தைப் பற்றி எழுதினால் அது பொய்யாகிவிடும்.

ஜூன் 6, இரவு 11.10

கிணறு என்றதும் ஒக்கிப் புயல் ஞாபகம்.

2017 நவம்பர் 29 இரவு தொடங்கி மறுநாள் முழுக்க அடித்தது. எங்கள் தெருவில் பலா, அயனி, ரப்பர் எல்லாம் மின்கம்பியோடு சாய்ந்து கிடந்தன. பன்னிரண்டு நாள் கரண்ட் இல்லை. எல்லா வீட்டிலும் கிணறு உண்டு, எல்லாக் கிணற்றிலும் மோட்டார் உண்டு, தண்ணீர் ஒரு சொட்டு கிடையாது. கயிறு ஓடும் கப்பியைக் கழற்றி இரும்புக்குப் போட்டு எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. அம்மா வீட்டில் மட்டும் பழைய கப்பி அப்படியே இருந்தது, கயிறும் இருந்தது, எப்போதும் அதில்தான் இறைப்பாள்.

முதல் நாள் நாலு பேர் வந்தார்கள். மூன்றாம் நாள் காலையில் குடங்கள் படிப்புரை தாண்டித் தெரு வரைக்கும் வரிசை. கப்பி சத்தம் விடிய ஐந்து மணிக்குத் தொடங்கி இருட்டும் வரை நிற்காது. வளைகுடாக்காரர் வீட்டுப் பெண்ணும் வந்தாள், சபை ஐயர், அதாவது போதகர், வீட்டுப் பிள்ளைகளும் வந்தார்கள், ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருந்த வடநாட்டுப் பையன்களும் வந்தார்கள். இறைக்கத் தெரியாதவர்களுக்கு அம்மா சொல்லிக் கொடுத்தாள், வாளியைக் கவிழ்த்துப் போட்டால்தான் முங்கும் என்று. வயதான ஆட்களுக்கு அந்தப் பையன்கள் இறைத்துக் கொடுத்தார்கள். பதினைந்து வருடமாக ஒரே தெருவில் இருந்த இரண்டு பெண்கள் அந்தக் கிணற்றடியில்தான் முதல் முறையாகப் பெயர் கேட்டுக்கொண்டார்கள்.

பதின்மூன்றாம் நாள் சாயங்காலம் கரண்ட் வந்தது. மறுநாள் காலையில் அம்மா ஐந்து மணிக்கு எழுந்து வாசலைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள். யாரும் வரவில்லை.

யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை, மோட்டார் இருக்கும்போது யார் வந்து கயிறு இழுப்பார்கள்? தேவை வந்தபோது உறவு வந்தது, தேவை போனதும் போனது. நல்ல மனசு எல்லோரிடமும் இருந்தது, அது தங்குவதற்கு ஒரு இடம்தான் இல்லை.

இன்னொன்று. அதே புயலில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்களில் கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை. அந்த மக்கள் திரண்டு நடந்து குழித்துறை ரயில் நிலையத்தில் உட்கார்ந்தார்கள். அதே வாரம் எங்கள் பக்கம் வாழைக்கும் ரப்பருக்கும் நிவாரணம் கேட்டு மனு எழுதிக்கொண்டிருந்தோம். ஒரே புயல், இரண்டு துக்கம், தனித்தனி மனு. என் கடையில் ரவிக்கை வாங்க வந்த ஒருவர் "அது கடற்கரைக்காரங்க பிரச்சினை" என்றார். நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

ஜூன் 7, மதியம் 2.00

மகளிர் குழுதான் தீர்வு என்று ஒருவர் எழுதியிருக்கிறார். 1989இல் தருமபுரியில் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவிய திட்டம், பெண்களை வெளியே கொண்டுவந்தது, என்னையும்தான். முதல் தையல் மிஷின் குழுக் கடனில்தான் வாங்கினேன், நன்றி மறக்கவில்லை.

ஆனால் இரண்டாவது முகமும் பார்த்தேன். பின்னாட்களில் ஒரு தனியார் நிதி நிறுவனம் குழுவாகச் சேர்த்துக் கடன் கொடுத்தது. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். எங்கள் குழுவில் ஒருத்திக்குக் கணவன் விபத்தில் படுத்துவிட்டான், இரண்டு வாரம் கட்ட முடியவில்லை. வசூலுக்கு வந்தவர் எங்கள் எல்லோரையும் அவள் வீட்டு நடையில் உட்கார வைத்தார், பணம் வராமல் யாரும் எழுந்திருக்கக் கூடாது என்று. இரவு ஒன்பது மணி வரை உட்கார்ந்திருந்தோம். உள்ளே அவள் பிள்ளைகள் சாப்பிடாமல் இருந்தன. கடைசியில் கம்மலைக் கழற்றிக் கொடுத்தாள். அவளும் நானும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். இன்றைக்கும் என்னைக் கண்டால் ரோட்டின் அந்தப் பக்கம் போய்விடுகிறாள்.

எங்களுக்குள் இருந்த நம்பிக்கையைத்தான் அந்த நிறுவனம் ஈடாக வாங்கியது. சமூக மூலதனம் என்ற பெயரில் "மூலதனம்" இருப்பதால் சொல்கிறேன், அது செலவழிந்தும் போகும்.

சுனாமிக்குப் பிறகு நம்ம தமிழ்நாட்டுக் கடலோர ஊர்களில் ஆய்வு செய்த டேனியல் ஆல்ட்ரிச் என்பவர் கண்டதும் இந்த வகைதான். ஊர்ப் பஞ்சாயத்து பலமாக இருந்த இடங்களுக்கு உதவி சீக்கிரம் வந்தது. அதே பஞ்சாயத்துப் பட்டியலில் பெயர் இல்லாத தலித் குடும்பங்களும் கணவனை இழந்த பெண்களும் வெளியே நின்றார்கள். கட்டு இறுக இறுக வெளியே நிற்பவனுக்குக் கதவு சிறிதாகிறது.

ஜூன் 9, இரவு 10.45

மூன்றாம் தேதி எழுதியதை இன்று மறுபடி படித்தேன். அதன் கடைசி வரியை வாபஸ் வாங்குகிறேன்.

ஆளுக்கு ஆள் பழக்கம் போதும் என்று எழுதியிருந்தேன். போதாது. அந்தப் பழக்கம் அத்தனை வருடம் இருந்தும் 1982இல் ஒரே நாளில் அறுந்தது. தனி ஒரு பெண்ணும் தனி ஒரு வீடும் ஊர்க் கோபத்துக்கு எதிராக என்ன செய்ய முடியும்? அசுதோஷ் வார்ஷ்ணே என்ற ஆய்வாளர் இந்திய நகரங்களை ஜோடி ஜோடியாக எடுத்து, ஒன்றில் ஏன் கலவரம், மற்றதில் ஏன் இல்லை என்று பார்த்தார். அலிகாருக்கு ஜோடி நம்ம பக்கத்து கோழிக்கோடு. தினசரிப் பழக்கம் நல்லதுதான், ஆனால் கலவரத்தைத் தாங்கி நிற்பது இரண்டு சமூகமும் சேர்ந்து உறுப்பினராக இருக்கும் அமைப்புகள்தான் என்பது அவர் முடிவு. வியாபாரிகள் சங்கம், தொழிற்சங்கம், வாசகசாலை மாதிரி. வதந்தி வந்தால் கூப்பிட்டுக் கேட்க அங்கே ஆள் இருக்கும், அதோடு கலவரம் வந்தால் இரண்டு பக்கத்துக்கும் நஷ்டம்.

அவர் கணக்கில் 1950 முதல் 1995 வரை நடந்த இந்து-முஸ்லிம் கலவரச் சாவுகளில் கிராமங்களின் பங்கு 4 சதவீதத்துக்கும் கீழே. மண்டைக்காடு கிராமம்தானே என்று முதலில் எனக்குக் குழப்பம். அப்புறம் தோன்றியது, நம்ம ஊரில் கிராமம் எங்கே முடிகிறது, டவுன் எங்கே தொடங்குகிறது? களியக்காவிளையிலிருந்து நாகர்கோவில் வரை வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டித்தான் கிடக்கிறது.

என் அப்பாவுக்கு ஒரு குளச்சல்காரரோடு கூட்டாகக் கொப்பரை வியாபாரம். 1982இல் பாட்டிக்கு மீன்கார அக்காவின் சேதி மூன்று மாதம் தெரியவில்லை, அப்பாவுக்கு அவர் கூட்டாளியின் சேதி நாலாவது நாளே வந்தது. லாரிக்காரர் மூலம் ஒரு துண்டுச் சீட்டு. "சரக்கு பத்திரம். நீங்கள் பத்திரமா?" அவ்வளவுதான். கூட்டுக்கணக்கு இருந்தது, அதனால் கேட்டே ஆக வேண்டும். அந்தச் சீட்டை அப்பா வெகுநாள் வைத்திருந்தார். அன்று சமாதானம் பேசச் சைவ மடத் தலைவர் குன்றக்குடி அடிகளார் வந்தார், அவர் வந்தது பெரிய காரியம், பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். ஆனால் அடிகளார் போன பிறகு ஊரை ஊராக வைத்தது இந்த மாதிரி கணக்குகள்தான் என்று நினைக்கிறேன்.

ஜூன் 10, காலை 6.40

"அப்படி ஒரு அமைப்பு இங்கே இருந்ததா, காட்டுங்கள்" என்று கேட்டவருக்கு. கடற்கரையில் மீனவர் சங்கங்கள் வந்தபோது மீனைச் சங்கமே ஏலம் விட்டு, கடனுக்கும் சேமிப்புக்கும் கொஞ்சம் பிடித்துக்கொண்டு மீதியைக் கையில் கொடுத்தது. கடன் கொடுத்தவனுக்கே மீனைக் கொடுக்க வேண்டிய நிலை அதனால்தான் தளர்ந்தது. மார்த்தாண்டத்தில் 1920களில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் பணி மையம் தொடங்கியபோது பெட்டி வைத்துத் தேனீ வளர்க்கக் கற்றுக் கொடுத்தார்கள், இன்றும் மார்த்தாண்டம் தேன் என்று கேட்டு வாங்குகிறோம். தேனீ யார் விளையில் பூ பூத்திருக்கிறது என்றுதான் பார்க்கும். இரண்டிலும் கூடிப் பேசுவதற்கு முன்னால் சேர்ந்து செய்ய ஒரு வேலை இருந்தது.

முன்பு வயல் அந்த வேலையைத் தந்தது. கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் போகத்துக்கும் பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் வரும்போது சானல் வெட்ட எல்லோரும் வர வேண்டும். எங்கள் ஏலாவில், அதாவது வயல்வெளியில், இப்போது பாதி வாழை, பாதி வீடு.

ஜூன் 12, இரவு 9.15

சின்னக் குறிப்பு. எங்கள் தெருவில் காலை எட்டு மணிக்கு நாலு பள்ளி வேன் வருகிறது. ஒரே வயதுப் பிள்ளைகள் நாலு வேனில் ஏறி நாலு திசைக்குப் போகிறார்கள். எந்த வேன் என்பது பெரும்பாலும் வீட்டின் மதத்தைச் சொல்லிவிடும். "சமூக மூலதனம்" என்ற சொல்லை 1916இல் எழுதிய ஹானிஃபன் அமெரிக்காவில் கிராமப் பள்ளிகளின் கண்காணிப்பாளர். பள்ளிக்கூடத்தை ஊர் கூடும் இடமாக்குவது பற்றித்தான் அவர் எழுதினார். எங்கள் அரசு ஆரம்பப்பள்ளியில் நான் படித்தபோது ஒரு வகுப்பில் 40 பேர். இப்போது பள்ளி முழுவதற்குமே அவ்வளவு இல்லை.

ஜூன் 14, இரவு 10.30

வடமாநிலப் பையன்கள் வந்ததால்தான் ஊர் கெட்டது என்று எழுதியவருக்கு.

பட்னம் 2007இல் ஒன்று சொன்னார், அவருக்கே பிடிக்காத முடிவு. பல இன மக்கள் கலந்து வாழும் இடங்களில் ஆரம்பத்தில் எல்லோரும் ஆமை மாதிரி ஓட்டுக்குள் இழுத்துக்கொள்கிறார்கள், தன் ஆட்களைக்கூட நம்புவதில்லை என்று. ஆனால் அது நிரந்தரம் இல்லை, காலப்போக்கில் "நாம்" என்பது பெரிதாகும் என்றும் சொன்னார். முதல் பாதியை மட்டும் எடுத்து வாதாடுவது நியாயம் இல்லை.

என் கடைக்குப் பேண்ட் கால் மடிக்க ஒரு ஜார்கண்ட் பையன் வருவான், கட்டட வேலை. போன மாசம் ஒரு பழைய வாலிபால் பனியனைக் கொண்டுவந்து முதுகில் எண் 7 தைக்கச் சொன்னான். எங்கள் கழகத்தில் ஆறு பேர் சேர்வதே கஷ்டம், பிள்ளைகள் எல்லாம் வளைகுடாவிலும் சென்னையிலும். சாயங்காலம் ஆள் குறையும்போது கோட்டுக்கு வெளியே நின்று பந்து பொறுக்கிக் கொடுத்தவனை உள்ளே கூப்பிட்டிருக்கிறார்கள். நன்றாக அடிப்பான். இப்போது தினமும் மூன்று வடநாட்டுப் பையன்கள் ஆடுகிறார்கள். என் தம்பி அவனிடம் "மக்கா, தூக்கு" என்று கத்துகிறான், அவனும் "மக்கா" என்கிறான்.

பிரச்சினை இப்போதுதான். ஓணத்துக்குப் போட்டி. கழக விதிப்படி ஊர் வரி கட்டும் வீட்டுப் பிள்ளைதான் உறுப்பினர். அவனுக்கு இங்கே வீடு இல்லை. கமிட்டி ஞாயிற்றுக்கிழமை கூடுகிறது. நான் தம்பியிடம் சொன்னேன், விளையாட மட்டும் விட்டால் அது ஒக்கிக் கிணறு, போட்டி முடிந்ததும் யாரும் வரமாட்டார்கள். பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும், சந்தா வாங்க வேண்டும், கூட்டத்தில் கை தூக்கும் உரிமை வேண்டும் என்று.

ஜூன் 15, இரவு 8.50

கூட்டம் முடிந்தது. இரண்டு மணி நேரம் சண்டை. "நாளைக்கு இவன் போய்விட்டால்?" என்று ஒரு பெரியவர் கேட்டாராம். "நம்ம பயலுவளும்தான் போயிட்டானுவ" என்று இன்னொரு பெரியவர் சொன்னாராம்.

விதியை மாற்றவில்லை. ஊர் வரிக்குப் பதிலாக ஒரு உறுப்பினர் பொறுப்பேற்றால் வெளியூர்க்காரரைச் சேர்க்கலாம் என்று அதன் கீழே ஒரு வாக்கியம் சேர்த்திருக்கிறார்கள், ஒரு வருடத்துக்கு மட்டும். பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டது யார் தெரியுமா, ஒக்கி சமயத்தில் அந்தப் பையன்கள் தண்ணீர் இறைத்துக் கொடுத்த வீட்டுப் பாட்டா. அந்தப் பையன்கள் வேறு, இவன் வேறு. அவர்கள் எப்போதோ ஊருக்குப் போய்விட்டார்கள். பாட்டாவுக்கு அது ஒரு பொருட்டாகத் தெரியவில்லை.

கை தூக்கும் உரிமை கொடுக்கவில்லை. அடுத்த வருடம் கேட்கச் சொல்லியிருக்கிறேன். சந்தா மாதம் 50 ரூபாய், ரசீதில் அவன் பெயரைத் தமிழில் எழுதத் தெரியாமல் இரண்டு தடவை அடித்து எழுதியிருக்கிறார்கள். இன்று கடைக்கு வந்து அந்த ரசீதைக் காட்டினான். இன்னும் இரண்டு பனியன் கொண்டு வந்திருக்கிறான், எண் 4, எண் 9. வெள்ளிக்கிழமைக்குள் வேண்டுமாம்.